செப்பனிடுவதா, புதிது வாங்குவதா? – மிதிவண்டி சொல்லும் வரலாறு

கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்தருகே காலை ஐந்தரை மணிக்கு நின்று பார்த்தால் ஒரு காட்சி தெரியும். சிப்காட் தொழிற்பேட்டையில் முதல் ஷிப்டுக்குச் செல்லும் தொழிலாளர்களில் சிலர் இன்றும் மிதிவண்டியிலேயே வருகிறார்கள். கைப்பிடியில் சோற்றுத் தூக்கு தொங்கும். கேரியரில் மழைக்கோட்டு மடித்து வைத்திருக்கும். மோட்டார் சைக்கிள்கள் எத்தனையோ பெருகிவிட்ட பின்னும் இந்த வண்டிகள் மறைந்துவிடவில்லை. பெட்ரோல் வேண்டாம், உரிமம் வேண்டாம், தெருமுனைக் கடையில் சரிசெய்துகொள்ளலாம் என்ற மூன்று காரணங்கள் போதும்.

சென்ற ஆண்டு என் வகுப்பு மாணவர் ஒருவர் ஒரு கேள்வியோடு வந்தார். அவருடைய தந்தை இரவு ஷிப்டு முடிந்து வரும் வழியில், விளக்கின்றி நின்றிருந்த ஒரு டிராக்டர் டிரெய்லரின் மேல் மோதிவிட்டார். நல்லவேளையாகக் காயம் பெரிதில்லை. ஆனால் வண்டியின் முன்சக்கரம் எட்டுப் போல முறுக்கிக்கொண்டது. போர்க் பின்னோக்கி வளைந்து, டயர் பிரேமில் இடித்தது. கடைக்காரர் ஒருவர், “போர்க்கைக் காய்ச்சி நிமிர்த்தி, சக்கரத்துக்குப் பெண்டு எடுத்துக் கொடுத்துவிடுகிறேன்” என்றார். பக்கத்து வீட்டுக்காரரோ, “பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள்” என்றார். “எது சரி, சார்?” என்று மாணவர் கேட்டார்.

என்னால் உடனே விடை சொல்ல முடியவில்லை. பணம் ஒரு புறம் இருக்க, அந்த வண்டி ஓடவிருப்பது கனரக லாரிகள் விரையும் நெடுஞ்சாலையின் ஓரத்தில் என்பதும் நினைவுக்கு வந்தது. விடையைத் தேடியபோது அது இயற்பியலோடு நில்லாமல் நூற்றைம்பது ஆண்டு வரலாற்றுக்குள்ளும் அழைத்துச் சென்றது. அந்த வரலாற்றின் முக்கியப் பகுதி நம் திருவள்ளூர் வட்டாரத்திலேயே நடந்தது என்பது வியப்புக்குரிய செய்தி.

தனித்தனியாகக் கழற்றக்கூடிய வண்டி

1817-இல் ஜெர்மனியில் கார்ல் திரைஸ் என்பவர் காலால் தரையை உந்தி ஓட்டும் மர வண்டியை உருவாக்கினார். 1860-களில் பிரான்சில் முன்சக்கரத்தோடு பெடல் இணைக்கப்பட்டது. அவற்றின் சக்கரங்கள் மாட்டுவண்டிச் சக்கரங்களைப் போன்றவையே: தடித்த மர ஆரங்கள், மேலே இரும்புப் பட்டை. ஓர் ஆரம் உடைந்தால் தச்சரிடமும் கொல்லரிடமும் சக்கரத்தையே கொண்டுபோக வேண்டும்.

1874-இல் இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஸ்டார்லி, சக்கரத்தின் குடத்திலிருந்து தொடுகோடாகச் செல்லும் மெல்லிய கம்பி ஆரங்களுக்குக் காப்புரிமை பெற்றார். மர ஆரம் அழுத்தத்தைத் தாங்கும். கம்பி ஆரமோ இழுவிசையைத் தாங்கும். ஒவ்வொரு கம்பியும் முனையிலுள்ள சிறு திருகால் முறுக்கேற்றப்பட்டிருப்பதால், ஒன்று அறுந்தாலும் மற்றவை சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும். அறுந்த ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பழுதைச் சக்கரம் முழுவதிலிருந்து ஒரு கம்பிக்குச் சுருக்கியது அந்த அமைப்பு.

1880-இல் ஹான்ஸ் ரெனால்ட் உருளைச் சங்கிலியை உருவாக்கினார். 1885-இல் ஜான் கெம்ப் ஸ்டார்லியின் ‘ரோவர்’ வண்டி வந்தது. இரு சக்கரங்களும் ஏறக்குறைய ஒரே அளவு. பின்சக்கரத்தைச் சங்கிலி ஓட்டும். 1888-இல் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். இன்று நாம் ஓட்டும் வண்டியின் உருவம் இவ்வாறு பதினைந்தே ஆண்டுகளில் முடிவாகிவிட்டது.

பிரேம் செய்த முறையையும் இங்கே கவனிக்க வேண்டும். எஃகுக் குழல்களின் முனைகளை ‘லக்’ எனப்படும் இணைப்புக் கூடுகளில் செருகி, இடைவெளியில் பித்தளையை உருக்கி ஓடவிட்டார்கள். பித்தளை சுமார் 900 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். எஃகு உருக ஏறத்தாழ 1500 டிகிரி வேண்டும். ஆகையால் குழல் உருகாமலே ஒட்டிக்கொள்கிறது. மீண்டும் சூடேற்றினால் பழைய குழலைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்தலாம். இதனால் பிரேமும் செப்பனிடத் தக்கதாயிற்று.

திருகுகளின் மரைகளுக்கும் அளவு நிர்ணயிக்கப்பட்டதால், ஒரு கம்பெனியின் வண்டிக்கு இன்னொரு கம்பெனியின் நட்டு பொருந்தியது. செப்பனிடத் தக்க தன்மை பொருளோடு தானே பிறந்துவிடுவதில்லை. அளவுகளை ஒத்துக்கொண்ட மனிதர்கள்தாம் அதை உண்டாக்கினார்கள்.

பழுதுபார்ப்பிலிருந்து பிறந்த தொழிற்சாலைகள்

முதலில் தொழிற்சாலை, பிறகு பட்டறை என்றுதான் நாம் எண்ணுவோம். மிதிவண்டியின் வரலாற்றில் பல இடங்களில் இது தலைகீழாக நடந்தது. ஜப்பானில் சக்காய் நகரம் துப்பாக்கி செய்யும் கொல்லர்களுக்குப் பேர்பெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வெளிநாட்டு மிதிவண்டிகள் அங்கு வந்தபோது, உடைந்த உறுப்புகளுக்கு மாற்று செய்தவர்கள் குழாய் வேலையும் இரும்பு வேலையும் அறிந்த இத்தகைய கொல்லர்களே. அதே நகரில் 1921-இல் தொடங்கிய ஷிமானோ நிறுவனம் முதலில் செய்த பொருள் ஒரு பிரீவீல். லூதியானாவில் முஞ்சால் சகோதரர்கள் உதிரி உறுப்புகளில் தொடங்கி, 1956-இல் ஹீரோ என்ற முழு மிதிவண்டிக்கு வந்து சேர்ந்தார்கள்.

நம் பக்கத்துக் கதை சற்றே வேறுபட்டது. விடுதலைக்கு முன் சென்னை மாகாணத்தில் ஓடிய வண்டிகள் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தவை. 1949-இல் முருகப்பா குழுமத்தினர் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனத்தைத் தொடங்கினார்கள். தொழிற்சாலைக்குத் தேர்ந்தெடுத்த இடம் அம்பத்தூர். பர்மிங்காமில் பிறந்த ‘ஹெர்குலிஸ்’ என்ற பெயர் இவ்வாறு நம்மூர்ப் பெயராயிற்று. பின்னர் பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. ஆகிய பெயர்களும் சேர்ந்தன.

வண்டியை இங்கே பூட்டினால் மட்டும் போதாது. குழலும் இங்கேயே கிடைக்க வேண்டும். 1955-இல் ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா தொடங்கப்பட்டது. சமதர்மப் பாணி சமுதாயம் அமைப்பது என்ற தீர்மானத்தைக் காங்கிரஸ் மாநாடு இதே ஆவடியில் நிறைவேற்றியதும் அந்த ஆண்டு ஜனவரியில்தான். எஃகுத் தகட்டு நாடாவை உருளைகளுக்கிடையே செலுத்திக் குழலாகச் சுருட்டி, விளிம்புகளில் மின்சாரம் பாய்ச்சி, அந்தச் சூட்டிலேயே பற்றவைப்பது இவ்வகைக் குழல் செய்யும் முறை. சைக்கிள் நிறுவனமும் குழல் நிறுவனமும் 1959-இல் இணைந்தன. 1960-இல் அமெரிக்காவின் டைமண்ட் செயின் கம்பெனியின் ஒத்துழைப்போடு சங்கிலித் தொழிற்சாலையும் வந்தது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்குள் குழல், சங்கிலி, முழு வண்டி மூன்றும் ஒரு ரயில் பாதையின் ஓரத்தில் உருவாகத் தொடங்கின.

அந்த நாளில் இப்பகுதி செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. 1997-இல் திருவள்ளூர் தனி மாவட்டமானபோது அம்பத்தூரும் ஆவடியும் அதனுள் வந்தன. அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியிலும், 2018-இல் சென்னை மாவட்டத்திலும் சேர்ந்துவிட்டது. ஆவடி இன்றும் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது.

ஓவராயில் காலம்

இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த அந்த ஆண்டுகளில் மிதிவண்டி என்பது குடும்பச் சொத்து. நகராட்சியும் பஞ்சாயத்தும் அதற்கு ஆண்டு வரி வசூலித்து உலோக வில்லை கொடுத்தன. விளக்கில்லாமல் போனாலும், இருவராகப் போனாலும் போலீஸ்காரர் பிடிப்பார். சொந்த வண்டி இல்லாதவர் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்தார்கள்.

வாடகைக் கடையே பழுதுபார்க்கும் பள்ளியாகவும் விளங்கியது. பலர் ஓட்டும் வண்டி விரைவில் தேயுமன்றோ? கடைப் பையன் முதலில் பஞ்சர் ஒட்டக் கற்பான்; பிறகு வால் டியூப் மாற்றுவான்; பிறகு ‘ஓவராயில்’. அதாவது வண்டி முழுவதையும் பிரித்து, பால்ரஸ் குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி, தேய்ந்தவற்றை மாற்றி, கிரீஸ் வைத்துப் பூட்டுவது. எல்லாவற்றிலும் உயர்ந்த கலை பெண்டு எடுப்பது. ஒருவரைக் கடுமையாக வேலை வாங்குவதைப் ‘பெண்டு நிமிர்த்துவது’ என்று சொல்கிறோம். வளைவைக் குறிக்கும் அந்த ஆங்கிலச் சொல் பேச்சுத் தமிழில் இவ்வளவு ஆழமாக ஊன்றியிருப்பதில் பட்டறைகளுக்கும் பங்கு இருக்கத்தான் செய்யும்.

அக்காலத்தில் ‘செப்பனிடுவதா, மாற்றுவதா’ என்ற கேள்வி பெரும்பாலும் எழவே இல்லை. புதிய வண்டியின் விலை பல மாதச் சேமிப்பைக் கேட்டது. கைவேலையின் கூலியோ மலிவு. இந்த விகிதம் மாறும்போதுதான் கேள்வி பிறக்கிறது. இன்று அது மாறியிருக்கிறது. எனவே நாம் கணக்குப் பார்க்க வேண்டியவர்களாகிறோம். ஆனால் பணக் கணக்குக்கு முன் உலோகத்தின் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

மோதலில் என்ன நடந்தது?

ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 90 கிலோகிராம் என்க. வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 4.17 மீட்டர். இயக்க ஆற்றல் ஏறத்தாழ 780 ஜூல். வண்டி 10 சென்டிமீட்டர் தொலைவுக்குள் நின்றுவிட்டது என்று கொண்டால், சராசரி விசை 7,800 நியூட்டன். இது சுமார் 800 கிலோகிராம் எடைக்குச் சமம். ஓட்டுபவர் முன்னே தூக்கி எறியப்படுவதால் இந்த விசை முழுவதும் வண்டிக்கு வருவதில்லை. ஆயினும் அதில் ஒரு பங்கே போர்க்கை வளைத்துவிடப் போதுமானது.

சாதாரண மென்னெஃகில் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 250 நியூட்டன் வரை தகைவு ஏற்பட்டால், விசை நீங்கியதும் அது பழைய வடிவத்துக்கு வந்துவிடும். இதுவே மீள்தன்மை. எல்லையைத் தாண்டினால் எஃகு நிலையாக வளைந்துவிடுகிறது. வளைவது ஒரு வகையில் நல்லதே. கண்ணாடிபோல் உடையாமல் வளையும்போது மோதலின் ஆற்றலை எஃகு தன்னுள் வாங்கிக்கொள்கிறது, ஓட்டுபவர் தப்புகிறார்.

ஆனால் வளைந்த எஃகு பழைய எஃகு அன்று. அதன் படிகங்களுக்குள் இருக்கும் இடப்பிறழ்வுகள் என்ற குறைகள் வளையும்போது பெருகி, ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. அதனால் அந்த இடம் கடினமாகிறது. மேலும் வளையும் திறன் குறைகிறது. ஒரு கம்பித் துண்டை எடுத்து ஒரே இடத்தில் முன்னும் பின்னும் மடித்துப் பாருங்கள். முதல் மடிப்பு எளிது. அடுத்தடுத்த மடிப்புகளில் கம்பி விறைக்கும், சூடாகும், பிறகு ஒடிந்துவிடும். வளைந்த போர்க்கை நிமிர்த்துவது இந்தச் சோதனையின் இரண்டாம் மடிப்பாகும்.

களைத்துப்போகும் எஃகு

1842 மே 8 அன்று பிரான்சில் வெர்சாயிலிருந்து பாரிஸ் திரும்பிய ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து, பலர் மாண்டனர். நாள்தோறும் நன்றாக ஓடிய அச்சு ஏன் திடீரென்று முறிந்தது? ஜெர்மானிய ரயில்வே பொறியாளர் ஆகஸ்ட் வோலர் 1850-களிலிருந்து 1870 வரை அச்சுகளைத் திரும்பத் திரும்பச் சுழற்றி இதை ஆராய்ந்தார். ஒருமுறை தந்தால் எத்தீங்கும் செய்யாத சிறிய விசை, இலட்சக்கணக்கான முறை மாறிமாறி வரும்போது உலோகத்தில் மயிரிழை வெடிப்பை உண்டாக்கும். வெடிப்பு மெல்ல வளர்ந்து ஒரு நாள் முறிக்கும். இதை உலோகக் களைப்பு என்கிறோம்.

வோலர் இன்னொன்றையும் கண்டார். எஃகில் தகைவு ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருந்தால், பத்து இலட்சம், ஒரு கோடி முறை வந்தாலும் அது முறிவதில்லை. ஆனால் அந்த எல்லை சீரான, பழுதில்லாத பரப்புக்கே பொருந்தும். கீறலோ, சுருக்கமோ, நசுங்கலோ இருந்தால் தகைவு அந்த இடத்தில் குவிந்துவிடும், எல்லை தாண்டப்படும்.

மிதிவண்டியில் எத்தனை முறை? முன்னே 44 பல், பின்னே 18 பல், 28 அங்குலச் சக்கரம் கொண்ட வழக்கமான வண்டி ஒரு பெடல் சுற்றுக்கு ஏறக்குறைய 5.4 மீட்டர் செல்லும். நாளொன்றுக்கு 10 கிலோமீட்டர் என்றால் சுமார் 1,850 சுற்று. ஆண்டுக்கு 300 நாள் என்றால் ஐந்தரை இலட்சம். இரண்டே ஆண்டில் பத்து இலட்சத்தைத் தாண்டிவிடுகிறது. கிராங்கும் பெடல் அச்சும் பெறும் அடிகள் இவை. போர்க் சாலையின் ஒவ்வொரு குழியிலும் அடி வாங்குகிறது. ஆகவே வோலரின் ஆராய்ச்சி ரயிலுக்கு மட்டும் உரியதன்று. தொழிலாளியின் வண்டிக்கும் உரியது.

எதைச் செப்பனிடலாம், எதை மாற்றவேண்டும்?

ஓர் உறுப்பு முறிந்தால் ஓட்டுபவர் கீழே விழுவாரா, அல்லது வண்டி மட்டும் நிற்குமா? முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

சக்கரம்: முன்னே 32, பின்னே 40 கம்பிகள் இருக்கும். இரண்டு மூன்று அறுந்தால் மாற்றிப் பெண்டு எடுக்கலாம். ரிம் நசுங்கியோ மடங்கியோ இருந்தால், கம்பிகளை இழுத்து அதை வட்டமாக்க முயல்வது வீண். சில கம்பிகள் அளவுக்கு மீறி முறுக்கேறும். அவையே அடுத்து அறும். ரிம்மை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய குடத்தையே வைத்துக்கொள்ளலாம்.

சங்கிலி: ‘செயின் நீண்டுவிட்டது’ என்கிறோம். உண்மையில் எஃகு நீளவில்லை. ஒரு சதவீதம் மீள்தன்மையால் நீள வேண்டுமானால் சதுர மில்லிமீட்டருக்கு 2,000 நியூட்டன் தகைவு வேண்டும். காலால் அவ்வளவு தர இயலாது. ஊசிகளும் அவற்றின் கூடுகளும் தேய்ந்ததால் ஏற்பட்ட இடைவெளிகளின் கூட்டுத்தொகையே அந்த நீளம். அளப்பது எளிது. அடுத்தடுத்த ஊசிகளுக்கு இடையே அரை அங்குலம். எனவே 24 இணைப்புகள் 12 அங்குலம். அது பன்னிரண்டே வீசம், அதாவது 12 1/16 அங்குலமானால் சங்கிலியை மாற்றலாம். 12 1/8 ஆகும்வரை விட்டால் பற்களும் தேய்ந்திருக்கும். பிரீவீலையும் மாற்ற நேரிடும். காலத்தில் செய்த சிறு செலவு பெரிய செலவைத் தடுக்கிறது.

காட்டர் பின்: கிராங்கை அச்சோடு பிணைக்கும் இந்தச் சிறு ஆப்பு நசுங்குவதைக் குறையென்று கருத வேண்டாம். மலிவான உறுப்பு தான் கெட்டு விலை மிகுந்த அச்சைக் காக்கிறது. மின்சாரத்தில் பியூஸ் கம்பி செய்யும் வேலை இது.

பிரேம்: பின்சக்கர அச்சு பொருந்தும் பிளவில் ஒரு நூலைக் கட்டி, முன்னே தலைக்குழலைச் சுற்றிக் கொண்டுவந்து மறுபக்கப் பிளவில் இழுத்துக் கட்டுங்கள். இருக்கைக் குழலுக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரு புறமும் சமமானால் பிரேம் பக்கவாட்டில் கோணவில்லை. பிறகு தலைக்குழலுக்குச் சற்றுப் பின்னே, கீழ்க்குழலின் அடிப்புறத்தைத் தடவிப் பாருங்கள். மோதிய வண்டியில் முதலில் சுருங்குவது அந்த இடம். பெயிண்டில் மெல்லிய வெடிப்போ, விரலுக்குத் தட்டுப்படும் சுருக்கமோ இருந்தால் அந்தக் குழலை மாற்ற வேண்டும். இல்லையேல் பிரேமையே கைவிட வேண்டும்.

போர்க்: இது முறிந்தால் முன்சக்கரம் விலகி, ஓட்டுபவர் தலைகீழாக விழுவார். பிடிமானத்துக்கு வேறு வழியில்லை. ஆதலால் மோதி வளைந்த போர்க்கைக் காய்ச்சியும் தட்டியும் நிமிர்த்துவதைவிட மாற்றுவதே அறிவுடைமை. நல்லவேளையாக அளவுகள் பொதுவானவை, கடையில் கிடைக்கும்.

பணத்தின் கணக்கு

இப்போது பணத்துக்கு வருவோம். எண்கள் கணக்கைக் காட்டுவதற்காகவே. வாசகர் தம் ஊர் விலைகளைப் போட்டுக்கொள்ளலாம். புதிய வண்டி 6,000 ரூபாய், பத்தாண்டு உழைக்கும் என்க. ஆண்டுக்கு 600 ரூபாய். பழையதைச் செப்பனிட 1,200 ரூபாய். அதன்பின் மூன்றாண்டு ஓடும். ஆண்டுக்கு 400 ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் செப்பனிடும்போது பழைய இரும்பாக விற்றால் கிடைக்கக்கூடிய 400 ரூபாயை விட்டுவிடுகிறோம். அதையும் சேர்த்தால் 1,600; ஆண்டுக்கு 533. இன்னும் செப்பனிடுவதே இலாபம், ஆனால் சிறிதளவே. இரண்டாண்டுதான் ஓடும் என்றால் ஆண்டுக்கு 800 ஆகி, புதியதே மேல் என்றாகிவிடும்.

இந்தக் கணக்கில் வராத ஓர் எண் உண்டு. ‘போன வருடம்தான் இரண்டு டயர் மாற்றினேன்’ என்று பலர் சொல்வார்கள். போன செலவு போனதுதான். அதற்காக உடைந்த பிரேமைக் கட்டி அழக் கூடாது. ஆனால் அந்த டயர் இன்னும் நன்றாக இருக்குமானால், இனிச் செய்ய வேண்டிய செலவு குறைகிறதே, அந்த அளவில் அதைக் கணக்கில் சேர்க்கலாம். இந்த வேறுபாட்டை உணர்ந்தால் வண்டி மட்டுமன்றி வேறு பல முடிவுகளும் தெளிவாகும்.

கும்மிடிப்பூண்டி உலைகளில்

சரி, பழைய இரும்புக்குப் போட்ட வண்டி எங்கே போகிறது? கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதியில் பழைய இரும்பை மின் உலைகளில் உருக்கி, கட்டடக் கம்பிகளாக உருட்டும் ஆலைகள் பல உள்ளன. ஆவடியில் குழலாகி, அம்பத்தூரில் வண்டியாகி ஓடிய எஃகு, இவ்வாறு அதே வட்டாரத்தின் வட எல்லையில் உருகக்கூடும்.

டயர், டியூப், இருக்கை நீங்கலாக ஒரு வண்டியில் 18 கிலோ எஃகு என்று கொள்வோம். தூண்டல் உலையில் ஒரு டன் எஃகை உருக்க ஏறத்தாழ 600 யூனிட் மின்சாரம் செலவாகும். நம் வண்டிக்குப் பதினோரு யூனிட். தாதுவிலிருந்து எஃகு செய்ய டன்னுக்குச் சுமார் 2,000 கோடி ஜூல் ஆற்றல் வேண்டும். 18 கிலோவுக்கு அது 100 யூனிட்டுக்குச் சமம். தாதுவழி எஃகு ஒவ்வொரு டன்னுக்கும் ஏறத்தாழ இரண்டு டன் கரியமில வாயு வெளியாகிறது. ஒரு வண்டியின் எஃகுக்கு 36 கிலோ. ஆகவே பழைய இரும்பை உருக்குவது நல்ல காரியமே.

எனினும் ஒரு நுட்பம் உண்டு. பழைய இரும்போடு செம்பும் வெள்ளீயமும் கலந்து வந்துவிடுகின்றன. உருக்கும்போது அவற்றை எளிதில் நீக்க முடியாது. அவை மிகுந்தால் சூட்டில் உருட்டும்போது எஃகின் பரப்பு வெடிக்கும். மெல்லிய குழலுக்கான தகட்டுக்கு அத்தகைய எஃகு ஏற்றதன்று. தடித்த கட்டடக் கம்பிக்குப் பயன்படும். மிதிவண்டிக்கு மறுபிறவி உண்டு, ஆனால் பெரும்பாலும் மிதிவண்டியாக அன்று. போர்க்கை மட்டும் மாற்றும்போது உலைக்குப் போவது ஏறக்குறைய ஒரு கிலோ. மீதி பதினேழு கிலோ குழலாகவும் சக்கரமாகவும் சங்கிலியாகவும் தன் முழு மதிப்போடு ஓடிக்கொண்டிருக்கும்.

மாறிவரும் வண்டி

இதுவரை சொன்னது எஃகு வண்டிக்கு. இன்று அலுமினியக் கலவைப் பிரேம்களும் பெருகியுள்ளன. அவை இலேசானவை, துருப்பிடிப்பதில்லை. ஆனால் அலுமினியத்துக்கு எஃகைப் போன்ற தெளிவான களைப்பு எல்லை கிடையாது. சூடேற்றிப் பதப்படுத்தி வலுவூட்டிய கலவையைப் பற்றவைத்தால், அந்த இடத்தில் பதம் போய்விடுகிறது. மீண்டும் பிரேமை உலையில் வைத்துப் பதப்படுத்த வேண்டும். தெருமுனைக் கடையில் அது இயலாது. அதிர்வு தாங்கும் போர்க்குகள், வகைவகையான அச்சு அளவுகள் ஆகியவையும் வந்துவிட்டன. எந்தக் கடையிலும் எந்த உறுப்பும் பொருந்திய காலம் சுருங்கிவருகிறது.

உலகம் இதை உணரத் தொடங்கியிருக்கிறது. பிரான்சு 2021 முதல் கைப்பேசி, சலவை இயந்திரம் போன்ற சில பொருள்களுக்குச் ‘செப்பனிடும் தகுதி’ மதிப்பெண்ணை அட்டையிலேயே அச்சிட வைத்தது. இந்திய அரசும் 2022 டிசம்பரில் செப்பனிடும் உரிமைக்கென ஓர் இணையத் தளத்தைத் தொடங்கியது. புதிதாகப் பேசப்படும் இந்த உரிமையை, நம் தாத்தாக்கள் ஒரு ஸ்பானரையும் ஒரு நிப்பிள் சாவியையும் கொண்டு நாள்தோறும் அனுபவித்து வந்தார்கள்.

மாணவரின் வண்டி

இறுதியில் மாணவரின் தந்தை செய்ததைச் சொல்லி முடிக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மாணவரும் சேர்ந்து நூலைக் கட்டிப் பார்த்தோம். இரு புறமும் சமமாக இருந்தது. கீழ்க்குழலில் சுருக்கம் இல்லை. புதிய போர்க்கும் முன் ரிம்மும் வாங்கினார்கள். குடமும் கம்பிகளில் பெரும்பாலானவையும் பழையவையே. சங்கிலியை அளந்தபோது அது 12 1/8 அங்குலத்தைத் தாண்டியிருந்தது. அதையும் பிரீவீலையும் மாற்ற வேண்டியதாயிற்று. செலவு எதிர்பார்த்ததைவிடக் கூடிற்று. ஆயினும் ஆண்டுக் கணக்கில் புதிய வண்டியைவிடக் குறைவே.

வளைந்த போர்க்கை நிமிர்த்தித் தருவதாகச் சொன்ன அதே கடைக்காரர்தான் புதியதைப் பூட்டினார். “நிமிர்த்தினால் நூறு ரூபாயில் முடிந்திருக்கும்” என்று அவர் குறைப்பட்டுக்கொண்டார். மாணவர் ஒரு கம்பித் துண்டை எடுத்து அவர் முன்னிலையில் முன்னும் பின்னும் மடித்துக் காட்டினார். ஆறாவது மடிப்பில் அது ஒடிந்தது. கடைக்காரர் சிறிது நேரம் அதைப் பார்த்துவிட்டு, மூலையில் சாத்தியிருந்த நிமிர்த்திய போர்க் ஒன்றை எடுத்துப் பழைய இரும்புக் குவியலில் போட்டார்.

இப்போது அந்த வண்டியின் பின்புறம் ஒரு சிவப்புப் பிரதிபலிப்பானும், முன்னே ஒரு விளக்கும் பொருத்தப்பட்டிருக்கின்றன. செலவுகளில் மிகச் சிறியவை அவை இரண்டும்தான். அந்த டிரெய்லரிலும் ஒரு பிரதிபலிப்பான் இருந்திருந்தால், இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.